பிள்ளைப்பேறு நடக்கும் வீட்டில் முயல்கள்
(தேவாரத்தில் உழவர் குடும்பங்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முயல் வளர்ப்பு என்றால் இனம், தீவனம், விலை ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாகப் பேசுகிறோம். இன்று அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் இரண்டு மூன்று முயல்களை ஆசைக்காக வளர்க்கும் குடும்பத்தில் மகளோ மருமகளோ கருவுற்றிருக்கிறார். இந்த நேரத்தில் முயல்களின் சிறுநீரையும் புழுக்கையையும் எப்படிச் சமாளிப்பது, அந்த வேலையை யார் செய்வது என்பதே இன்றைய பொருள்.

முயல் குளிர்ச்சியை விரும்பும் பிராணி. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் முயல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நமது கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை, வைகாசி வெயிலை முயல் தாங்காது. அதற்கு வியர்ப்பதில்லை, காது வழியாகத்தான் உடற்சூட்டைப் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. ஆகவே வெயில் காலத்தில் கூண்டைத் தாழ்வாரத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டு வருகிறோம். பிறகு மழை வந்தாலும் அது வெளியே போவதில்லை. பிள்ளைகள் கூண்டைத் திறந்து விடுகிறார்கள். முயல் அறைக்கு அறை ஓடுகிறது. கட்டிலடியில் புழுக்கை, மூலையில் சிறுநீர் என்று ஆகிவிடுகிறது.

அந்த வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. பெரியவர்கள் பயந்து, முயல்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அல்லது எதையும் மாற்றாமல், அந்தப் பெண்ணே குனிந்து நிமிர்ந்து ஒன்பது மாதமும் கூண்டைக் கழுவுகிறாள். இரண்டும் வேண்டாம். முயலை ஒரே இடத்தில் கழிக்கப் பழக்குங்கள். அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முயலின் இயல்பு

முயல் இயற்கையிலேயே சுத்தமான பிராணி. படுக்கும் இடத்தில் சிறுநீர் கழிக்காது. ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் போகும். இந்த வழக்கத்தை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. நமக்கு வசதியான மூலைக்குத் திருப்பி விட்டால் போதும்.

முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். ஒன்று கெட்டியாக, உருண்டையாக, உலர்ந்து இருக்கும். இதில் வாடை குறைவு. மற்றொன்று மென்மையாக, பளபளப்பாக, நம்மூர்த் திராட்சைக் கொத்தைச் சிறிதாக்கியது போல ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது வகையை முயல் ஆசனவாயிலிருந்து நேராக எடுத்துத் தின்றுவிடும். இதை 1882-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் மோரோ விளக்கியிருக்கிறார். இது நோயல்ல, பி வைட்டமின்களும் புரதமும் முயலுக்கு இவ்வழியில் திரும்பக் கிடைக்கின்றன. தடுக்க வேண்டாம். மென் புழுக்கை தின்னப்படாமல் தரையில் நிறையக் கிடந்தால் தீவனத்தில் தானியம் மிகுந்து புல் குறைந்துவிட்டது, அல்லது முயலுக்கு உடல் பருத்துவிட்டது என்று கொள்ளலாம்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும்; ஆரஞ்சு, செம்பழுப்பு நிறமாகவும் இருக்கும். தின்னும் இலைதழையின் சாயமே இதற்குப் பெரும்பாலும் காரணம். சிவப்பாகக் கண்டவுடன் இரத்தம் என்று பயப்பட வேண்டாம். முயல் முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கழித்தாலோ, தீவனம் எடுக்காமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். உலர்ந்த சிறுநீர் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படியும். முயல் தன் உடலில் மிகுதியான சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் இப்படி ஆகிறது. அகத்தியும் குதிரைமசாலும் அளவுக்கு மேல் போட்டால் இந்தப் படிவு கூடும்.

அச்சமும் உண்மையும்

கருவுற்ற பெண்ணுக்கு முயல் புழுக்கையால் கருச்சிதைவு ஏற்படும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அச்சம் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியைப் பற்றியது. இது கருவில் உள்ள குழந்தையைத் தாக்கக்கூடியது என்பது உண்மை. 1908-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் ஸ்ப்ளெண்டோர் என்பவர் இதை ஒரு முயலின் உடலில்தான் கண்டார். ஆனால் இதன் முட்டைகள் பூனை இனத்தின் மலத்தில் மட்டுமே வெளிவருகின்றன என்பது 1970-ஆம் ஆண்டு வாக்கில் உறுதியாயிற்று. முயலுக்கு இந்தத் தொற்று வரலாம். ஆனால் அது தன் புழுக்கை வழியாக இதைப் பரப்புவதில்லை.

எனவே கவனம் செலுத்த வேண்டிய இடங்கள் வேறு. பூனை மலம் கழிக்கும் மண்ணைக் கர்ப்பிணி வெறுங்கையால் கிளறக் கூடாது. முயலுக்கு வைத்திருக்கும் புல், வைக்கோல், நார்க்கழிவுக் குவியலில் பூனை படுக்கவோ கழிக்கவோ விடக் கூடாது. அதை மூடி வைக்க வேண்டும். முயல் இறைச்சி உண்பவர்கள் அதை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். பச்சை இறைச்சியை அறுக்கும் வேலையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டாம்.

முயலிடமிருந்து உண்மையில் வரக்கூடிய தொல்லைகள் இவை:

ஒன்று, அம்மோனியா வாடை. சிறுநீர் தேங்கி அழுகினால் இந்தக் காற்று கிளம்பும். மசக்கைக் காலத்தில் வாந்தியை அதிகப்படுத்தும். கண்ணையும் மூக்கையும் உறுத்தும். முயலுக்கும் மூச்சுக்குழாய் நோய் வர இதுவே வழிவிடுகிறது.

இரண்டு, படர்தாமரை. முயலின் மூக்கு, காது, கால்களில் வட்டமாக முடி கொட்டிச் செதில் எழுந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மனிதருக்கும் ஒட்டும்.

மூன்று, சொறி. காது ஓரத்திலும் மூக்கிலும் சாம்பல் நிறப் பொருக்குத் தட்டும். இந்தச் சொறிப் பூச்சிகளில் சில, தொடுபவரின் கையிலும் அரிப்பு உண்டாக்கும்.

நான்கு, புழுக்கை பட்ட கையைக் கழுவாமல் உண்பதால் வரும் வயிற்றுப்போக்கு.

ஐந்து, நகக் கீறலும் கடியும். கீறினாலோ கடித்தாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

இவை எல்லாம் சுத்தத்தாலும் சோப்பாலும் பெருமளவு தடுக்கக் கூடியவை. கர்ப்பிணிக்குத் தோலில் வட்டமாகத் தடிப்பு வந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பையோ மாத்திரையையோ பயன்படுத்தக் கூடாது. பூஞ்சைக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில கருவுக்கு ஆகாதவை. கிராம சுகாதார செவிலியரிடமும் மருத்துவரிடமும் “வீட்டில் முயல் இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வேலையை யார் செய்வது?

கூட்டத்தில் உள்ள ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும். பசு மாட்டுக்குச் சாணம் அள்ளத் தெரிந்த கைக்கு முயல் கூண்டைச் சுத்தம் செய்யத் தெரியாமல் போகாது. தட்டைக் கொட்டிக் கழுவி மீண்டும் கூளம் நிரப்பக் காலையில் சிறிது நேரம் போதும். கணவர், மாமனார், விவரம் தெரிந்த பிள்ளைகள் யாராவது ஒருவர் பொறுப்பேற்று, அவரே தினமும் செய்ய வேண்டும். “யாராவது செய்யட்டும்” என்று விட்டால் கடைசியில் அது கர்ப்பிணியின் கைக்கே வந்து சேரும்.

கர்ப்பிணி தீவனம் வைக்கலாம். நோயில்லாத முயலைத் தடவிக் கொடுக்கலாம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். செய்யக் கூடாதவை: தட்டைக் கழுவுவது, கூண்டைத் தூக்குவது, நோயுற்ற முயலைப் பிடிப்பது, அதற்கு மருந்து தடவுவது. வீட்டில் வேறு ஆளே இல்லாத நாளில் கையுறை அணிந்து, முகத்தைத் துணியால் மூடி, கூளத்தை மட்டும் மாற்றலாம்.

தட்டும் கூளமும்

கழிவுத் தட்டு விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளல்ல. ஓரம் நான்கு அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் தட்டு, அகலமான பழைய பேசின், படுக்கவாட்டில் வெட்டிய எண்ணெய்க் கேன் எதுவும் ஆகும். முயல் உள்ளே ஏறித் திரும்பும் அளவு இருக்க வேண்டும். வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். முயல்கள் இரண்டு என்றால் தட்டும் இரண்டாவது இருப்பது நல்லது.

அடியில் இரண்டு அங்குலம் கூளம் பரப்ப வேண்டும். நம் பகுதியில் தென்னை நார்க்கழிவு எளிதில் கிடைக்கிறது. அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் தூசி பறக்கும். முயல் கொறிக்கவும் கூடும். எனவே அதன் மேல் நறுக்கிய வைக்கோலைத் தடிப்பாக மூடுங்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்தும் போடலாம். பூசணம் பிடித்த நிலக்கடலைத் தோல், வாடை வீசும் மரத்தூள், ஒட்டுப்பலகை அறுத்த தூள் ஆகியவை ஆகா. பூனைக்கென்று கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணலும் ஆகாது; முயல் அதைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். திராட்சைத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் மருந்தடித்த பிறகு அறுத்த புல்லைக் கூளமாகவோ தீவனமாகவோ போடவே கூடாது.

பழக்கும் முறை

1. முயலை முதலில் கூண்டிலோ, நான்கு அடிக்கு நான்கு அடி தடுத்த இடத்திலோ வையுங்கள். இரண்டு மூன்று நாள் எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள்.

2. அந்த மூலையிலேயே தட்டை வையுங்கள். அதன் சிறுநீரில் நனைந்த வைக்கோல் கொஞ்சமும், ஒரு கைப்பிடிப் புழுக்கையும் தட்டுக்குள் போடுங்கள். வாடையை வைத்தே முயல் இடத்தை அறியும்.

3. உலர்ந்த புல்லைத் தட்டின் ஒரு முனையில், முயல் உள்ளே நின்று எட்டித் தின்னும்படி கட்டித் தொங்க விடுங்கள். தின்றுகொண்டே கழிப்பது முயலின் வழக்கம். பழக்குவதில் பாதி வேலையை இதுவே முடித்துவிடும்.

4. தட்டுக்கு வெளியே கழித்தால் உடனே துடைத்து, வினிகர் கலந்த நீரால் கழுவுங்கள். பழைய வாடை நின்றால் மீண்டும் அங்கேயே போகும்.

5. ஒரு வாரம் தவறாமல் தட்டில் கழித்த பிறகு ஓர் அறையில் விடுங்கள். பிறகு இடத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

6. அடிக்கவோ, கத்தவோ, மூக்கைச் சிறுநீரில் தேய்க்கவோ வேண்டாம். பயந்த முயல் கண்ட இடத்தில் கழிக்கும்.

சிறுநீர் முழுவதும் தட்டுக்குள் விழ ஆரம்பித்தால் பழக்கம் படிந்துவிட்டது என்று கொள்ளலாம். நான்கைந்து கெட்டிப் புழுக்கை வெளியே கிடப்பது தன் எல்லையைக் குறிப்பதற்காக. அதைப் பொருட்படுத்த வேண்டாம். குட்டியை விட வளர்ந்த முயல் எளிதில் பழகும்.

நான்கு முதல் ஆறு மாத வயதில் முயல் பருவமடையும். அப்போது ஆண் முயல் சுவரிலும் துணியிலும் சிறுநீரைப் பீச்சி அடிக்கும். பழகிய முயலும் அந்த வயதில் பழக்கத்தை விடுவது உண்டு. இனப்பெருக்கத்துக்குத் தேவைப்படாத ஆண் முயலுக்குக் கால்நடை மருத்துவரைக் கொண்டு விதை நீக்கம் செய்யலாம். முயல் மயக்க மருந்துக்கு எளிதில் பாதிக்கப்படும் பிராணி. ஆதலால் அனுபவமுள்ள மருத்துவரிடமே செய்ய வேண்டும். செய்த பிறகும் சில வாரங்கள் பெண் முயலிடமிருந்து பிரித்து வையுங்கள். அதுவரை சினையாக்கும் திறன் மிஞ்சியிருக்கும்.

சுத்தம் செய்யும் முறை

கூளத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும். வாரம் இரு முறை தட்டைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். வெள்ளைப் படிவைப் போக்க வினிகரையோ, புளித் தண்ணீரையோ ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தால் போதும்.

இதில் ஓர் எச்சரிக்கை. சிறுநீர் ஊறிய தட்டில் நேராக பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். சிறுநீரிலுள்ள அம்மோனியாவும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் நச்சுக் காற்று உண்டாகும். வினிகருடன் சேர்ந்தாலும் அப்படியே. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுச் சோப்பால் கழுவுங்கள். தேவையானால் அதன் பிறகு, திறந்த வெளியில், பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துங்கள். கர்ப்பிணி அருகில் இருக்கக் கூடாது.

மாத வாரியாகச் செய்ய வேண்டியவை

முதல் மூன்று மாதம்: செய்தி தெரிந்த அன்றே சுத்தம் செய்யும் வேலையைக் கைமாற்றுங்கள். முயல்களைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி, சொறி, படர்தாமரை இருந்தால் மருந்து கொடுங்கள். தட்டில் பழக்குவதை இப்போதே தொடங்குங்கள்.

நான்கு முதல் ஆறு மாதம்: கூண்டு படுக்கையறையிலோ சமையலறையிலோ இருந்தால் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். நிழலும் காற்றோட்டமும் நாய், பாம்பு புகாத வலையும் வேண்டும். ஒரேயடியாக மாற்றாமல், தட்டையும் கூண்டையும் சேர்த்தே நாளுக்குச் சிறிது தூரம் நகர்த்துங்கள். வெயில் காலமானால் ஈரச் சாக்கைத் தொங்க விடுங்கள்.

இந்தக் காலத்தில் முயல்களை இணை சேர்ப்பதை நிறுத்தி விடுங்கள். முயலின் சினைக்காலம் 30 அல்லது 31 நாள். குட்டிகள் பால் மறக்க மேலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கணக்குப் பார்க்காமல் சேர்த்தால், வீட்டில் பிரசவம் நடக்கும் வாரத்திலேயே கூண்டிலும் ஆறேழு குட்டிகள் கிடக்கும். ஏற்கெனவே சினையான முயல் இருந்தால், பிரசவப் பெட்டியை 27-ஆம் நாள் வாக்கில், கழிவு மூலைக்கு எதிர் மூலையில் வையுங்கள். முன்கூட்டியே வைத்தால் அதையே கழிப்பிடமாக்கி விடும்.

ஏழாம் மாதம் முதல்: தலைப்பிரசவமானால் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போவாள். பழக்கம் கெடுவது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். தீவனம் வைத்தவளைக் காணாமல், வேளை தவறி, கூளம் மாறாமல் கிடக்கும் முயல் பழையபடி தரையெல்லாம் கழிக்கும். சில மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு அவள் திரும்பும்போது வீடு முதலில் இருந்த நிலைக்கே வந்திருக்கும். ஆகவே அவள் புறப்படும் முன்பே, பொறுப்பேற்றவர் ஒரு மாதமாவது தனியாகச் செய்து கைப்பழக்கம் ஆகியிருக்க வேண்டும்.

குழந்தை வந்த பிறகு

தொட்டில் கட்டிய அறைக்குள் முயலை விட வேண்டாம். முயல் கயிற்றையும் மின்வயரையும் கடிக்கும். குழந்தையையும் முயலையும் ஒரு நிமிடம் கூடத் தனியே விடக் கூடாது. குழந்தைக்கு விரித்த பழைய சேலைத் துணியைத் தரையில் போட்டு வைக்காதீர்கள். மெத்தென்ற துணியில் சிறுநீர் கழிக்க முயலுக்கு விருப்பம் அதிகம். புதிய வாடையின் மேல் தன் வாடையைப் பதிக்கவும் செய்யும். பால் கொடுக்கும் முன் கை கழுவுவது கட்டாயம். குழந்தை தவழத் தொடங்கியதும் கையில் பட்டதெல்லாம் வாய்க்குப் போகும். அதற்குள் முயலின் எல்லை பலகையோ வலையோ அடித்துப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நன்றாகப் பழகிய முயல் திடீரென்று வெளியே கழித்தால் கோபிக்காமல் காரணம் தேடுங்கள். கூளம் நாறுகிறதா, கூண்டு இடம் மாறியதா, புதிய முயல் வந்ததா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் சிறுநீர்ப்பையில் கல்லோ, பாதத்தில் புண்ணோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இப்போது நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது.

கழிவும் எருவாகும்

தட்டிலிருந்து கொட்டும் கூளத்தைத் தெருவில் எறிய வேண்டாம். முயல் எருவில் தழைச்சத்து மாட்டுச் சாணத்தை விட அதிகம். வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழி எடுத்து, கூளத்தைப் போட்டு, மேலே மண்ணும் இலைச்சருகும் மூடி வாருங்கள். பூனை கிளறாதபடி முள் போடுங்கள். இரண்டு மூன்று மாதம் நன்றாக மக்கிய பிறகு தென்னைக்கும் கத்தரிக்கும் மல்லிகைக்கும் இடலாம். மக்காததைக் கீரைப் பாத்தியில் இட வேண்டாம்.

உழவர் பெருமக்களே, இந்த முயல்களை அன்றாடம் தீவனம் வைத்து வளர்த்தவள் பெரும்பாலும் அந்தப் பெண்தான். அவள் வயிற்றில் பிள்ளை வளரும் நேரத்தில் அவள் வளர்த்ததை விற்றுவிட்டு, அவளுக்கு நல்லது செய்தோம் என்று எண்ண வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய தட்டைத் தேடி எடுங்கள். நாளைக் காலை அதைக் கழுவப் போவது யார் என்பதையும் இன்றிரவே பேசி முடிவு செய்யுங்கள்.